கவலை பதிவாகவில்லை

அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற யாரும் தன் இஷ்டத்துக்குத் தூங்கிவிட முடியாது. தூக்கம் என்பது ஊழியர் தன் சொந்த வீட்டில், சொந்தத் தலையணையில், நிர்வாகத்துக்காகச் செய்ய வேண்டிய பணி என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. அதை ஒழுங்காகச் செய்கிறாரா என்று பார்க்க ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். கறுப்பு ரப்பர். மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு அடியில் பச்சை வெளிச்சத்தை மினுக்கிக்கொண்டே இருக்கும். குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது. கழற்றினால் நலவாழ்வுப் பிரிவில் மணி அடிக்கும். கழற்றியவருக்கு மறுநாள் வேலை இருக்காது.

காலையில் வாசலில் இருக்கும் இயந்திரத்திடம் கையைக் காட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். மஞ்சள் எரிந்தால் நின்று புத்திமதி கேட்டுவிட்டுப் போகலாம். சிவப்பு எரிந்தால் மீட்பு அறை. அங்கே நீல விளக்குப் போட்டு, கடல் அலைச் சத்தம் வைத்து, வரிசையாகச் சாய்வு நாற்காலிகளில் படுக்க வைப்பார்கள். நலவாழ்வுப் பிரிவின் உதவியாளர், ஒல்லியான ஒரு பெண், கையில் பலகை மாதிரி ஒரு திரையை வைத்துக்கொண்டு நாற்காலிகளுக்குப் பின்னால் நடப்பார். "உங்க ஓய்வுல முயற்சி போதல. இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டு ஓய்வெடுங்க" என்பார். கேட்டவருக்கு நெஞ்சு படபடக்கும். சிவப்பு இன்னும் சிவப்பாகும். மத்தியானம் வரை அப்படியே கிடப்பார்கள்.

இந்தப் பிரிவுக்குத் தலைவர் நலவாழ்வு அதிகாரி. அதற்கு முன் அவர் சாமான் அறையில் ஆணியும் திருகாணியும் எண்ணிக்கொண்டிருந்தவர். எண்ணிக்கையில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆகவே ஆணியை விட்டுவிட்டு மனிதர்களின் இதயத்தை எண்ணச் சொல்லிப் பதவி உயர்வு கொடுத்தார்கள். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'தூக்க இன்ஸ்பெக்டர்'. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. மரியாதையாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

திட்டம் வந்த புதிதில் பல முன்னேற்றங்கள் நடந்தன. பேக்கிங் பிரிவில் ஒரு அம்மா சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுச் சிரிப்பவர். சிரிக்கும்போதெல்லாம் அவர் பட்டை 'கடும் மன அழுத்தம்' என்று காட்டியது. சாப்பாட்டு அறையில் சிரிப்புக்குத் தடை வந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ராத்திரியெல்லாம் மாறி மாறி அழும். 'குழந்தைகளின் அழுகையை நிர்வாகத்தின் அட்டவணையோடு ஒத்துப்போகச் செய்யவும்' என்று அவனுக்கு அறிவுரை வந்தது. இன்னொரு நாள் பட்டையில் சார்ஜ் இறங்கிப்போன ஒருவர் வேலையெல்லாம் முடித்துவிட்டு நின்றார். அன்று அவர் வேலைக்கே வரவில்லை என்று பதிவாகியிருந்தது. "நான் வந்தேனே, எல்லாரும் பாத்தாங்களே" என்றார். "பாத்தவங்க பாத்திருக்கலாம். பதிவாகலையே" என்றார் அதிகாரி.

அதைவிடப் பெரிய முன்னேற்றம் ஒன்று உண்டு. சிரிக்கிற அந்த அம்மா ஒருநாள் கை அரிக்கிறது என்று பட்டையைக் கழற்றி, கண்ணாடிக்குச் சுற்றுகிற குமிழ்த்தாள் உருளையில் மாட்டிவிட்டு மறந்து போனார். மணி அடிக்கவில்லை. பட்டை உருளையின் நாடித் துடிப்பைக் கண்டுபிடித்துவிட்டது. மாலைக்குள் 'இன்று நீங்கள் போதிய தண்ணீர் குடிக்கவில்லை' என்று உருளைக்கு அறிவுரையும் வந்தது. அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். வேறு வழியில்லை, தடை இருந்தது. அதிகாரியிடம் யாரும் சொல்லவில்லை.

இத்தனை பேர் சிவப்பிலும் மஞ்சளிலும் அல்லாடிக்கொண்டிருக்க, ஒரே ஒருவருக்கு மட்டும் முதல் நாளிலிருந்து பச்சை மாறவே இல்லை. அவர்தான் வெட்டும் பிரிவின் மூத்த ஆள். எவ்வளவு பெரிய கண்ணாடியாக இருந்தாலும் வெட்டுளியை ஒரு தடவைதான் இழுப்பார். திரும்ப இழுக்கிற வேலையே கிடையாது. அதனால் எல்லாரும் அவரை 'ஒரேகோடு' என்றே கூப்பிட்டார்கள். வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட அந்தப் பெயரில்தான் வரும்.

கண்ணாடி வெட்டுகிற வேலையில் சின்னத் துண்டு என்றால் பேசிக்கொண்டே வெட்டலாம். ஆள் உயரக் கண்ணாடி என்றால் பேச்சு நின்றுவிடும். சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி மேசையில் ஏறிவிட்டால் ஒரேகோட்டின் மூச்சே நின்றுவிட்டதோ என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். எவ்வளவு பயமோ அவ்வளவு நிதானம். இது தொழிலுக்கு வந்த பிறகு வந்த பழக்கமும் இல்லை. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தது அக்கா. இடி இடித்தாலோ, வாடகை கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் வந்து கத்தினாலோ, அக்கா தம்பியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மூச்ச மெதுவா விடுடா. இன்னும் மெதுவா. அசையாத. ஒண்ணும் ஆகாது" என்பாள். அந்தப் பையனுக்கு வயது ஐம்பதைத் தாண்டியும் உடம்பு அதை மறக்கவில்லை. பயந்தால் அவர் சிலையாகிவிடுவார்.

பட்டைக்கு இதெல்லாம் தெரியாது. துடிப்பு மெதுவாக இருந்தால் அதற்குப் பெயர் ஓய்வு. ஒரேகோட்டின் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்கள். கீழே 'அமைதியின் சிகரம்' என்று எழுதியிருந்தது. படம் எடுத்தபோது அவருக்குப் பல் வலி. அதனால் முகத்தில் நல்ல அமைதி.

அக்காவுக்கு நெஞ்சில் வால்வு பழுதாகிவிட்டது என்று செய்தி வந்தது அப்போதுதான். பக்கத்து ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும், தள்ளிப் போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா ஒரே பிடிவாதமாக இருந்தாள். "நீ வந்து என் கண்ணுல பட்டாத்தான் உள்ள போவேன். இல்லன்னா இப்படியே கெடக்கேன்" என்று போனில் சொன்னாள். அவளுக்கு வேறு யாரும் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டிய வயதில் தம்பிக்குச் சோறாக்கிக்கொண்டிருந்தவள்.

ஒரேகோடு மறுநாளே விடுப்புக் கேட்கப் போனார். விடுப்பு என்று தனியாக ஒன்றும் இப்போது இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. எல்லா விடுப்பையும் பட்டையோடு சேர்த்துவிட்டார்கள்.

"லீவுங்கறது உடம்பு கேக்கணும், வாய் கேக்கக் கூடாது" என்றார் அதிகாரி. "உங்க அக்காவுக்கு நெஞ்சு சரியில்லன்னு சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா உங்க நெஞ்சு என்ன சொல்லுது? அதுதானே எங்க பிரிவு."

உதவியாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். செய்தி வந்த அந்த மாலை, ஒரேகோட்டின் கோடு ஏரித் தண்ணீர் மாதிரி தட்டையாகக் கிடந்தது. ஓரத்தில் நட்சத்திரம் போட்டு, 'ஆழ்ந்த ஓய்வு. வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'கவலை பதிவாகவில்லை.'

"எனக்குக் கவலையாத்தான் இருக்கு சார்" என்றார் ஒரேகோடு.

"அது உங்க அபிப்பிராயம்" என்றார் அதிகாரி, ரொம்பக் கனிவாக. "வெள்ளிக்கிழமை துக்க மதிப்பீட்டுக் குழு கூடுது. அதுக்குள்ள கொஞ்சம் கவலைப்பட்டுட்டு வாங்க. நியாயமான அளவுக்குப் பதிவாச்சுன்னா நானே கையெழுத்துப் போடறேன்."

கவலைப்படுவது என்றால் எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே அது பாட்டுக்கு அரித்துக்கொண்டுதான் இருந்தது. வெளியே கொண்டுவருவதுதான் பிரச்சினை. முதலில் தொழிற்சாலை மாடிப்படியில் ஓடிப் பார்த்தார். 'உடற்பயிற்சிக்குப் பாராட்டு' என்று பட்டை அதிர்ந்தது. ஃபோர்க்லிஃப்ட்காரன் உதவிக்கு வந்தான். ஒரேகோடு அசந்து நின்ற நேரம் பார்த்து, அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்டிக் கண்ணாடியைத் தொப்பென்று கீழே போட்டான். கூரையே இடிந்த மாதிரி சத்தம். நலவாழ்வு அதிகாரி மூன்றாவது அறையில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கழிவுக் கண்ணாடிதானே?" என்றார் ஒரேகோடு, திரும்பிப் பார்க்காமலே.

"எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"நல்ல கண்ணாடிய நீ போடுவியா? உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். என்னைத் திட்டு, கோபம் வருகிற மாதிரி ஏதாவது சொல் என்று கேட்டுக்கொண்டார். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு வாங்காத புடவையில் தொடங்கி, போன வாரம் மறந்துபோன காய்கறி வரைக்கும் ஒன்று விடவில்லை. அவள் முகம் சிவந்து, மூச்சு வாங்கி, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பச்சை.

"இதத்தான் நான் இத்தன வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றாள். "எத சொன்னாலும் உங்களுக்கு ஏறாது. இப்ப மெஷினே சொல்லுது பாருங்க."

பிறகு அவளே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கேக்காம கெளம்பிப் போயிடுங்க" என்றாள். போகலாம்தான். வேலை போய்விடும். வேலை போனால் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தொழிற்சாலை கொடுக்கிற மருத்துவ உதவியும் போய்விடும். அது தெரிந்துதான் அவர் வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தார்.

குழுவில் மூன்று பேர்: நலவாழ்வு அதிகாரி, உதவியாளர், பிஸ்கட்டுக்காக வந்திருந்த கணக்கு மேலாளர். சுவரில் பெரிய திரை. அதில் ஒரேகோட்டின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அவரை மெத்தை வைத்த ஒரு நாற்காலியில் திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மூன்று பேரும் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கேள்வியைக்கூடத் திரையைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

அதிகாரி முதலில் ஒரு சொற்பொழிவு செய்தார்.

"நண்பர்களே, முன்னெல்லாம் ஒருத்தர் வந்து எனக்கு மனசு சரியில்லன்னா நாம நம்பிடுவோம். எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்க. அழுதா லீவு, முகத்தத் தொங்கப் போட்டா லீவு. இன்னைக்கு யாரும் யார் முகத்தையும் பாக்க வேண்டிய அவசியமில்ல. நான் இந்தப் பிரிவுக்கு வந்ததுலேருந்து ஒரு தொழிலாளியோட முகத்தையும் பாத்ததில்ல. அந்த அளவுக்கு நெருக்கமா அவங்களக் கவனிச்சுக்கிறேன். உங்க எல்லாரோட தூக்கத்தையும் ராத்திரி முழுக்கப் பாத்துக்கிட்டே இருக்கறதால எனக்குத் தூங்க நேரமில்ல. என் பட்டைய என் சம்சாரம் போட்டிருக்காங்க. அவங்க நல்லாத் தூங்கறாங்க. நிர்வாகத்துல என் தூக்கத்துக்குத்தான் போன மாசம் பரிசு கொடுத்தாங்க."

கணக்கு மேலாளர் கை தட்டினார். உதவியாளர் திரையிலிருந்து வாசித்தார். "அக்காவோட நிலைமை தெரிஞ்ச நாளிலேருந்து ஓய்வு கூடிட்டே வருது சார். நேத்து ரொம்ப நல்ல நிலைமை."

"பாத்தீங்களா?" என்றார் அதிகாரி திரையிடம். "உங்க அக்கா நோய் உங்களுக்கு ஒத்துக்குது."

அப்போது ஒரேகோட்டின் போன் அடித்தது. அக்கா. எடுக்கலாமா என்று பார்த்தார். "எடுங்க, எடுங்க, நேரடியாப் பதிவாகட்டும்" என்று அதிகாரி உற்சாகமாகச் சொன்னார்.

"சாயங்காலமே பண்ணிடணும்ங்கறாங்கடா" என்றாள் அக்கா. குரல் ரொம்பத் தேய்ந்திருந்தது. "பிடிவாதம் புடிச்சேன்ல, அத விட்டுட்டேன். நான் உள்ள போயிடறேன். நீ வேலையப் பாரு. சாப்பிட்டியா?"

ஒரேகோடு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அக்கா இல்லாமல் போய்விடுவாளோ என்பதை அவர் அதுவரை முழுசாக நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தார். மூச்சு மெதுவாகிற்று, இன்னும் மெதுவாகிற்று. விரல்கூட அசையவில்லை. இதைவிடப் பெரிய கண்ணாடி அவர் மேசையில் ஏறியதே இல்லை.

திரை முழுக்கக் கரும்பச்சையாகி, எங்கிருந்தோ புல்லாங்குழல் கேட்டது. தொழிற்சாலையில் இதுவரை யாருக்கும் அந்தப் புல்லாங்குழல் ஊதியதில்லை. மூன்று பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"அபாரம்!" என்றார் அதிகாரி. கண் கலங்கியிருந்தது. "ஒரு போன்ல இவ்வளவு நிம்மதி! இனிமே எல்லாத் தொழிலாளிக்கும் ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு போன் போட ஏற்பாடு பண்ணலாமா?" உதவியாளர் குறித்துக்கொண்டதும் அதிகாரி திரையிடம் திரும்பினார். "விண்ணப்பம் நிராகரிக்கப்படுது. மனசு வருத்தப்படாதீங்க. உங்களால முடியாதுன்னு எங்களுக்குத் தெரியும்."

அந்தப் பிரிவின் எந்தக் கூட்டமும் கண்மூடி மூச்சுப் பயிற்சியோடுதான் முடியும். "கண்ண மூடிக்குங்க. யாரும் திறக்கக் கூடாது. உள்ள இழுங்க" என்று அதிகாரி சொல்ல, மூன்று பேரும் கண்ணை மூடி உள்ளே இழுத்தார்கள்.

ஒரேகோடு கண்ணை மூடவில்லை. அந்த மூன்று முகங்களையும் பார்த்தார். அவருக்கு வந்தது கோபம்தான். அதுவும் பச்சையாகவே வந்திருக்கும். பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மெத்தைக் கையைப் பார்த்தார். கிட்டத்தட்ட அவர் மணிக்கட்டு தடிமன்தான். குமிழ்த்தாள் உருளை ஞாபகத்துக்கு வந்தது. கண்ணாடி வெட்டுகிற விரல்கள். பட்டை கழன்றதும் தெரியவில்லை, நாற்காலிக் கையில் ஏறியதும் தெரியவில்லை. திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு நாற்காலிக்கும் துடிப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, பச்சையாகவே ஓடியது. புல்லாங்குழல் நிற்கவில்லை.

"வெளிய விடுங்க" என்றார் அதிகாரி. ஒரேகோடு வெளியே போனார்.

வாசலில் இயந்திரம் இருக்கிறது. பின் கேட்டில் சரக்கை மட்டும்தான் சோதிப்பார்கள், மனிதரைச் சோதிப்பதில்லை. அங்கே நின்ற ஃபோர்க்லிஃப்ட்காரன் அவருடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்தான். கண்ணாடி ஏற்றிய லாரியின் டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசி, அவரைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிவிட்டான். "போயிட்டு வாங்கண்ணே. இங்க நான் பாத்துக்கறேன்" என்றான்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் நுழைந்தபோது அக்காவைத் தள்ளுபடுக்கையில் ஏற்றியிருந்தார்கள். ஒரேகோடு ஓடவில்லை. மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் நின்றார். முகம் அப்படியே வாசலில் மாட்டிய படம். மணிக்கட்டில் மட்டும் வெளுத்த வளையம்.

"தம்பி ரொம்ப தைரியசாலிங்க" என்றாள் நர்ஸ். "எவ்வளவு அமைதியா நிக்கிறாரு பாருங்க."

அக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். ஒரு பார்வைதான்.

"தைரியமா? இவனா?" என்றாள். "பயத்துல உயிர் போயிட்டிருக்கு இவனுக்கு. ஒரு நாற்காலி போட்டு உக்கார வைங்கம்மா, விழுந்துடுவான்." கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள். "மூச்ச நல்லா விடுடா. மெதுவா வேணாம். வேகமாவே விடு. அழணும்னா அழு."

ஒரேகோடு அழுதார். வராண்டாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதார். தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது. அப்படி அழுது அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை. பதிவு செய்ய அவர் கையில் ஒன்றும் இல்லை.

போன் அடித்தது. ஃபோர்க்லிஃப்ட்காரன்.

"அண்ணே, இங்க ஒரே அமர்க்களம். கண்ணத் தொறந்து பாத்தா நாற்காலில ஆளக் காணோம்னு கணக்கு மேலாளர் சொல்லிட்டாராம். 'தெரையப் பாருங்க, இங்கதான் இருக்காரு'ன்னு அதிகாரி அவரத் திட்டிட்டாரு. இப்ப உங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ரூமுக்குப் பூட்டுப் போட்டாச்சு. வெளிய 'சத்தம் போடாதீர்'னு போர்டு. நீங்களா எந்திரிக்கற வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாதாம். இருந்து அக்காவப் பாத்துட்டு வாங்க."

ஒரேகோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலியின் நாடித் துடிப்புக்கு வந்தபோது அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் அதட்டினாள். அக்கா சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். கதவு மூடுகிற வரைக்கும் அவர் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே நின்றார்.

வால்வு மாற்றி, மயக்கம் தெளிந்து, அவரை உள்ளே விட மறுநாள் ஆயிற்று. அக்காவின் உதடு காய்ந்திருந்தது. ஏதோ முனகினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து அவர் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"நாற்காலி எந்திரிச்சுடுச்சாடா?" என்றாள்.